அழைப்பை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றாருக்கும்





க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர்களை வாழ்த்துவதற்கு நமக்குச் சொற்கள் உண்டு. சித்தியடையாதவர்களுக்கு ஆறுதல் கூறவும் சொற்கள் உண்டு. இவ்விரு சாராருக்கும் நடுவே மற்றொரு சாரார் இருக்கின்றனர். அவர்கள் மூன்று பாடங்களிலும் நன்கு சித்தியடைந்தவர்கள். ஆனால் தாம் விரும்பிய பாடநெறிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவர்கள். இடம் கிடைத்தது என்று மகிழவும் அவர்களால் இயலாது. இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் இயலாது. "வெற்றிடம் நிரப்பும்போது அழைப்பு வரலாம்" என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவர்கள் பல மாதங்களைக் கழிக்கின்றனர். தபால்காரரின் மணியோசை கேட்டால் வாசலுக்கு ஓடுகின்றனர். கைத்தொலைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்து உறங்குகின்றனர். அந்தப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் சில விடயங்களைப் பகிர்ந்துகொள்வதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில், இந்தக் காத்திருப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதை விளங்கிக்கொள்வோம். விளங்காத ஒன்றின் மீதே மனிதன் அதிகமாகப் பயங்கொள்கின்றான். விளங்காத ஒன்றின் மீதே அதிகமாகக் கோபமும் கொள்கின்றான்.

நமது நாட்டில் அரச பல்கலைக்கழகங்களுக்கான மாணவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்கின்றது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரின் தொகை அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியுள்ளது. ஆனால் இடம் பெறுவோர் நாற்பதாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் மாத்திரமே. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்று கூறலாம். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளிலோ இந்த வாசல் இன்னும் ஒடுக்கமானது. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் அம்பாறை, மன்னார், மொனராகலை போன்ற, கல்வி வசதிகள் குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படுகின்றன.

தெரிவு செய்யப்பட்டவர்கள் அனைவரும் பதிவு செய்வதில்லை. ஒருவர் வெளிநாட்டுக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் செல்கின்றார். ஒருவர் மீண்டும் பரீட்சை எழுதத் தீர்மானிக்கின்றார். இன்னொருவரின் வீட்டு நிலைமை இடம் கொடுப்பதில்லை. இவ்வாறு வெறுமையாகும் இடங்கள், அடுத்தடுத்த புள்ளிகளைப் பெற்றவர்களைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. எத்தனை பேர் பதிவு செய்யாது விடுவர் என்பதை முன்கூட்டியே எவராலும் கூற முடியாது. ஆகவேதான் காத்திருப்பவருக்கும் உறுதியான மறுமொழி கிடைப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு அழைப்பு வருவதும் வராததும், அவர் முகமும் அறியாத சிலருடைய தீர்மானங்களில் தங்கியிருக்கின்றது. பரீட்சை மண்டபத்தில் செய்யவேண்டியதை அவர் செய்து முடித்துவிட்டார். இதற்கு மேல் அவருடைய கையில் எதுவுமில்லை.

அருமை மாணவச் செல்வங்களே!

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டு முதல் நமது பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகின்றது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்கின்றனர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்து, அவற்றின் சராசரியை நான்கு தசம தானங்களில் வெளியிடுகின்றனர். ஒரு பாடத்தின் நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அப்பாடத்தில் நீங்கள் ஒரேயொரு புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்தால் உங்களுடைய இறுதி இசட் புள்ளி 0.0222 அளவில் உயர்ந்திருக்கும். அவ்வளவுதான்! வெட்டுப்புள்ளிக்கு 0.0100 குறைந்து நிற்கும் பிள்ளைக்கும் அதனைக் கடந்து சென்ற பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு முழுப் புள்ளியும் அன்று, அதில் பாதியளவே.

எங்கேனும் ஓரிடத்தில் கோடு போடாமல் மாணவர்களைத் தெரிவு செய்ய முடியாது. கோடு போட்டால் அதற்கு மிக அருகில் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நிற்கத்தான் செய்வர். ஆனால் அந்தக் கோடு இடங்களின் தொகையைக் காட்டுகின்றதே அன்றி மனிதர்களின் தரத்தைக் காட்டவில்லை. அடுத்த வருடம் ஐம்பது இடங்கள் அதிகரித்தால் அதே கோடு கீழே இறங்கும். இன்று கீழே நிற்கும் பிள்ளை அன்று மேலே நின்றிருப்பார். அவரது அறிவோ உழைப்போ ஒழுக்கமோ அதனால் மாறப்போவதில்லை. எனவே, "நான் தகுதியற்றவன்", "நான் தகுதியற்றவள்" என்ற முடிவுக்கு எந்தப் பிள்ளையும் வரவேண்டாம். ஆணைக்குழு உங்களைப் பற்றி அப்படியொரு தீர்ப்பை வழங்கவில்லை. வழங்கும் அதிகாரமும் அதற்கில்லை.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். தமக்கு இடம் கிடைக்காதபோது சிலர் வேறொரு மாவட்டத்துப் பிள்ளையின் மீது கோபங்கொள்கின்றனர். "என்னிலும் குறைந்த புள்ளியோடு அந்தப் பிள்ளை போய்விட்டது" என்கின்றனர். கொழும்பிலோ கண்டியிலோ ஆய்வுகூடமும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் வாய்த்த பாடசாலையில் கற்ற ஒருவர், பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியரே இல்லாமல் சொந்த முயற்சியால் கற்ற ஒரு கிராமத்துப் பிள்ளையைப் பற்றி இவ்வாறு கூறுவது நீதியாகுமா? ஒதுக்கீட்டு முறையில் குறைகள் இருக்கலாம். அவற்றை அறிஞர்கள் ஆராயட்டும். ஆயினும் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி தமது இடத்தைப் பெற்ற ஒரு பிள்ளை உங்களுடைய எதையும் பறிக்கவில்லை. பொறாமை புகுந்த உள்ளத்தில் காத்திருப்பு இரட்டிப்புப் பாரமாகிவிடும். ஒன்று கிடைக்காத துன்பம். மற்றொன்று பிறருக்குக் கிடைத்துவிட்ட துன்பம். இரண்டாவது துன்பத்தை நாமே விலைகொடுத்து வாங்குகின்றோம்.

அன்பின் சகோதரர்களே!

பொறுமை என்று நாம் கூறும் ஸப்ர், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுதல் என்று நாம் கூறும் தவக்குல், செய்யவேண்டியதைச் செய்யாது விடுவதா? இக்கேள்விக்கு விடையாக அமையும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகின்றேன்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், நபி (ஸல்) அவர்கள் சுமார் ஆயிரத்து நானூறு தோழர்களுடன் உம்றாவை நாடி மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். இஹ்ராம் உடை அணிந்தாயிற்று. பலிப்பிராணிகளையும் ஓட்டிச் சென்றாயிற்று. மக்காவுக்கு அண்மையிலுள்ள ஹுதைபிய்யா என்ற இடத்தை அடைந்தபோது குறைஷியர் தடுத்துவிட்டனர். இறுதியில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இவ்வருடம் திரும்பிச் செல்லவேண்டும்; அடுத்த வருடம் வந்து மூன்று நாட்கள் தங்கலாம் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்றாகும். அத்தோழர்களுள் முஹாஜிரீன்கள் பிறந்து வளர்ந்த ஊர் அது. கஃபா அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாசல்வரை வந்துவிட்டு, "இப்போது இல்லை, அடுத்த வருடம்" என்ற மறுமொழியுடன் திரும்பவேண்டிய நிலை ஏற்பட்டது. காத்திருக்கும் பிள்ளைகளே, இந்த வலி உங்களுக்கு நன்றாக விளங்கும்.

பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் கூறியபோது தோழர்கள் உடனே எழவில்லை. ஈமான் குறைந்ததனால் அன்று. துக்கம் அவர்களை அழுத்தியிருந்தது. நபியவர்கள் தமது துணைவியார் உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் இதனைக் கூறினார்கள். எவரிடமும் எதுவும் பேசாமல் தாங்களே முதலில் சென்று தங்களுடைய பிராணியை அறுத்து முடியையும் களையுங்கள் என்பது அவ்வன்னையார் கூறிய ஆலோசனை. நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதனைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து தத்தம் கடமையைச் செய்தனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு படிப்பினைகள் உண்டு. முதலாவது, தாமதம் மறுப்பாகாது. அடுத்த ஆண்டு, கி.பி. 629இல், அவர்கள் மக்காவுக்குச் சென்று உம்றாவை நிறைவேற்றினார்கள். 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஹுதைபிய்யாவிலேயே கூடாரமடித்து மக்காவின் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மதீனாவுக்குத் திரும்பினார்கள். தமது பணிகளைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது, துக்கத்தில் அமர்ந்திருப்பவரை எழுப்புவதற்கு நீண்ட உபதேசத்தை விட ஒரு செயல் பெரிதும் உதவுகின்றது. இப்படிப்பினை பெற்றோருக்கு உரியது. அதனைப் பின்னர் விளக்குவேன்.

காத்திருக்கும் வருடத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதில் பிற நாடுகளின் நடைமுறையிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவில் போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் காத்திருப்போர் பட்டியல் ஒன்றை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. மார்ச் மாத இறுதியளவில் சிலருக்கு அனுமதிக் கடிதமும், சிலருக்கு மறுப்புக் கடிதமும், சிலருக்குக் காத்திருக்குமாறு கூறும் கடிதமும் செல்கின்றன. அப்பட்டியலில் தாம் எத்தனையாவது ஆள் என்பது பெரும்பாலும் மாணவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சில வருடங்களில் ஒருவரைக்கூட அழைக்காது விட்ட பல்கலைக்கழகங்களும் உண்டு. அதனால் அங்குள்ள வழிகாட்டி ஆசிரியர்கள் இவ்வாறு அறிவுறுத்துகின்றனர்: பட்டியலில் இருக்க விரும்பினால் அதனை எழுத்தில் தெரிவித்துவிடு. அதேவேளையில் உனக்கு ஏற்கெனவே அனுமதி தந்த பல்கலைக்கழகம் ஒன்றில் மே மாதம் முதலாம் திகதிக்குள் முற்பணம் செலுத்தி இடத்தை உறுதி செய்துகொள். வராத அழைப்பை நம்பி, வந்த அழைப்பைக் கைவிடாதே. இது உலக அனுபவம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியும் இதுவே.

ஆகவே, அருமைப் பிள்ளைகளே, உங்களுக்கு நான் கூறுவது நான்கு விடயங்கள்.

முதலாவது, விதிகளை நீங்களே வாசியுங்கள். ஆணைக்குழு ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கைந்நூலை வெளியிடுகின்றது. பதிவு செய்தால் என்னவாகும், பதிவு செய்யாது விட்டால் என்னவாகும், வெற்றிடம் நிரப்பும்போது எந்த விருப்பத் தெரிவு கவனிக்கப்படும் என்பவற்றை அந்த வருடத்துக்குரிய கைந்நூலில் பார்க்கவேண்டும். மூத்த நானா ஒருவர் கூறினார், தனியார் வகுப்பு ஆசிரியர் கூறினார் என்று கையொப்பமிடாதீர்கள். அவர்கள் கூறுவது அவர்களுடைய வருடத்து விதியாக இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேளுங்கள். முகவரியோ தொலைபேசி இலக்கமோ மாறியிருந்தால் உடனே அறிவியுங்கள். பழைய முகவரிக்குச் சென்ற கடிதத்தினால் இடத்தை இழப்பது பெரும் துக்கமாகும்.

இரண்டாவது, குறுக்கு வழி காட்டுவோரை அண்டவிடாதீர்கள். இக்காலத்தில், "உள்ளே ஆள் இருக்கின்றார், சிறிது பணம் செலவாகும்" என்று கூறிக்கொண்டு சிலர் வீடுகளுக்கு வருவதுண்டு. வெற்றிடங்கள் புள்ளி வரிசைப்படியே நிரப்பப்படுகின்றன. இலஞ்சத்தினால் ஓர் இடம் கிடைக்கும் என்று ஒருவர் கூறினால், ஒன்றில் அவர் உங்களை ஏமாற்றுகின்றார், அல்லது உங்களுக்கு மேலே நிற்கும் மற்றொரு பிள்ளையின் உரிமையைப் பறிக்க உங்களைக் கூட்டாளியாக அழைக்கின்றார். நோயாளியின் உயிரைக் காக்கும் அமானிதத்தை நாடிச் செல்பவர், அதன் முதற்படியிலேயே ஹறாமை மிதிக்கலாமா?

மூன்றாவது, கையிலுள்ள இடத்தை முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவ பீடத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இயன்மருத்துவமோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ தாதியியலோ கிடைத்திருக்கலாம். "இது வேண்டாவெறுப்பாக எடுத்தது" என்று கூறிக்கொண்டு அங்கு செல்லாதீர்கள். பக்கவாதத்தால் வீழ்ந்த ஒருவரை மீண்டும் நடக்கவைப்பவர் இயன்மருத்துவரே. இரத்தப் பரிசோதனையின் முடிவு பிழைத்தால் மிகச் சிறந்த மருத்துவரின் சிகிச்சையும் பிழைத்துவிடும். அரச பல்கலைக்கழகத்தில் எந்த இடமும் கிடைக்காதவர்களுக்கு 1980இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. வெளிவாரிப் பட்டங்கள், தேசிய கல்வியியற் கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்லூரிகள் என்பனவும் இருக்கின்றன. 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து இன்று ஒலுவிலில் பரந்து நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், யுத்தத்தினால் கல்வி தடைப்பட்ட மாணவர்களுக்காக 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியதே. இருக்கவேண்டிய இடத்தில் இருக்க முடியாது போனவர்களுக்காகத் திறக்கப்பட்ட வாசல் அது.

நான்காவது, மீண்டும் பரீட்சை எழுதுவதாயின் கணக்குப் பார்த்து எழுதுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் வரையே உயர்தரம் எழுதலாம். முதல் தடவையில் ஒன்றிரண்டு புள்ளிகளால் தவறியவருக்கு இரண்டாவது முயற்சி நியாயமானது. ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வயது செலவாகின்றது. அண்மைக்கால அனுபவத்தையும் மறக்கவேண்டாம். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடைபெற்றது. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023இன் ஆரம்பத்தில் நடைபெற்று, பெறுபேறு அவ்வருடம் செப்டெம்பரில்தான் வெளிவந்தது. அதற்கு முன்னரும், 2011ஆம் ஆண்டுப் பரீட்சையின் இசட் புள்ளி உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் மீண்டும் கணிக்கப்படவேண்டியதாயிற்று. எனவே காத்திருப்பு சில வாரங்களில் முடிந்துவிடும் என்று எண்ணாமல், ஒரு வருடத்துக்குரிய திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின் படிப்பு. பகலில் ஆங்கிலமோ கணினியோ ஒரு தொழிற்பயிற்சியோ. மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமோ கணிதமோ கற்பித்தல். இவ்வாறு நேரத்தைப் பகுத்துக்கொள்பவருக்கு அழைப்பு வந்தாலும் நட்டமில்லை, வராவிட்டாலும் அந்த வருடம் வீணாவதில்லை. ஆணைக்குழுவின் இணையத்தளத்தை ஒரு நாளில் ஒரு தடவை பார்த்தால் போதுமானது. ஐம்பது தடவைகள் பார்ப்பதனால் ஓர் இடம்கூட அதிகரிப்பதில்லை.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே!

உம்மு ஸலமா (ரழி) அவர்களின் ஆலோசனையை இப்போது உங்களுக்கு நினைவூட்டுகின்றேன். உங்கள் பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தால் வாசலில் நின்று அறிவுரை கூறாதீர்கள். வாப்பா தனது கடைக்கணக்கைச் சரிபார்க்கப் பிள்ளையை அழைக்கட்டும். உம்மா தன்னோடு மருந்தெடுக்க வைத்தியசாலைக்கு வருமாறு கேட்கட்டும். பிள்ளையின் உதவி தேவைப்படுகின்ற ஒரு வேலையை முன்னே நின்று செய்யுங்கள். தான் இன்னும் தேவைப்படுகின்றேன் என்ற உணர்வே எழுந்து நிற்கும் பலத்தைக் கொடுக்கும்.

உறவினர்களின் கேள்விகளுக்கு நீங்களே மறுமொழி கூறுங்கள். கல்யாண வீடுகளிலும் பெருநாள் சந்திப்புக்களிலும் "கம்பஸ் கிடைத்ததா?" என்று கேட்போர் பலர். அன்போடு கேட்கும் கேள்விதான். ஆனால் ஒரே நாளில் பதினைந்து பேர் கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த பெருநாளுக்கு வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாது. "நல்ல பெறுபேறு கிடைத்திருக்கின்றது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது இன்ன படிப்பைச் செய்கின்றார்" என்று நீங்கள் முந்திக் கூறிவிட்டால் கேட்டவரும் துஆச் செய்துவிட்டுப் போய்விடுவார்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் இன்னுமொரு வார்த்தை. மகனுக்கு இடம் கிடைக்காவிட்டால், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்கின்றோம். மகளுக்குக் கிடைக்காவிட்டால், "அல்லாஹ் காட்டிய வழி, வந்த சம்பந்தத்தைப் பேசி முடிப்போம்" என்கின்றோம். ஒரே வீட்டில், ஒரே பெறுபேற்றுக்கு இரண்டு தீர்ப்புக்கள்! திருமணம் நல்லதோர் அமல். ஆனால் அது பல்கலைக்கழகத்தின் வெற்றிடத்தை நிரப்பும் வழியன்று. மகள் மனம் தளர்ந்திருக்கும் வேளையில் பெறும் சம்மதம் உண்மையான சம்மதமாகுமா என்பதை அல்லாஹ்வைப் பயந்து சிந்தியுங்கள். அவள் மீண்டும் எழுத விரும்பினால் அந்த உரிமையை அவளுக்கும் கொடுங்கள்.

பணம் பற்றியும் கூறவேண்டியிருக்கின்றது. ஏக்கத்தைத் தாங்கமுடியாமல் இருக்கும் காணியை விற்று, உம்மாவின் நகையை ஈடுவைத்து, வட்டிக்குக் கடன்பட்டு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் உண்டு. வசதியுள்ளோர் அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் அப்பட்டத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்கின்றதா, ஐந்தாறு வருடங்களுக்கும் செலவு எவ்வளவு, திரும்பி வந்தபின் எழுதவேண்டிய பரீட்சை எது என்பவற்றை விசாரியுங்கள். அதன்பின் ஆலோசனை கேட்டு, இஸ்திகாராத் தொழுது தீர்மானியுங்கள். இரண்டாம் வருடத்தில் பணம் முடிந்து திரும்பி வரும் பிள்ளையின் துயரம், இடம் கிடைக்காத பிள்ளையின் துயரத்தை விடப் பெரிது.

பிள்ளை உணவை ஒதுக்கினால், உறக்கமின்றி வாரக்கணக்கில் இருந்தால், வாழ்வில் பயனில்லை என்று பேசினால், அதனை ஈமானின் குறை என்று கூறிக் கண்டிக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதுபோல் இதற்கும் மருத்துவரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் பேசலாம். இதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.

ஊர்ப் பெரியார்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே!

பெறுபேறு வந்தால் சந்தியில் பதாகை கட்டுகின்றோம், மருத்துவ பீடம் சென்றவர்களின் படத்தைப் போடுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம். நல்லது. ஆனால் பதாகையில் படம் வராத பிள்ளை அந்தச் சந்தியைக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் கடைக்குச் செல்லவேண்டியிருக்கின்றது. அவரைத் தேடி எவர் செல்கின்றார்? வருடத்தில் ஒரு நாள், காத்திருக்கும் பிள்ளைகளையும் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் பெற்றாரோடு அழையுங்கள். ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், தொழிற்கல்வி பெற்று முன்னேறிய ஒருவர் ஆகியோரை அவர்களுடன் பேசவையுங்கள். கைந்நூலை விளக்குங்கள். விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. பதாகைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

அன்பார்ந்த சகோதரர்களே!

இறுதியில் அழைப்பு வரலாம். வந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். உங்களைப் போலவே எதிர்பார்த்திருந்து அழைப்புப் பெறாத நண்பனின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அழைப்பு வராமலும் போகலாம். அதுவும் ஒரு மறுமொழியே. அந்த மறுமொழி கிடைக்கும் நாளில் நீங்கள் வேறொரு வேலையின் நடுவே, வேறொரு படிப்பின் நடுவே நின்றுகொண்டிருந்தால் அது உங்களை வீழ்த்தாது. சற்று நேரம் துக்கப்படுவீர்கள்; பின்னர் கையிலுள்ள வேலையைத் தொடர்வீர்கள். ஓர் இடத்தைத் தருவதும் தராததும் மற்றவர்களின் பொறுப்பில் உள்ளது. காத்திருக்கும் அந்த வருடமோ அல்லாஹ் உங்களுக்கே தந்த அமானிதம். அதனை எவ்வாறு கழித்தீர்கள் என்றுதான் உங்களிடம் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! உழைத்துவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கும் எமது பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவாயாக! அவர்களுக்கு எது நலமோ அதனை இலகுவாக்கி வைப்பாயாக! அவர்களுடைய கல்வியை இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பயனுள்ளதாக ஆக்குவாயாக! பெற்றோரின் நாவுகளில் இதமான சொற்களை வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.